திறவாத சிப்பி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை தூத்துக்குடிக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வாலிபன் வந்து வணக்கம் சொன்னான். முன்னொரு காலத்தில் நம்மிடம் கணக்குப் படித்தவன். இப்போது துறைமுகத்தில் உத்தியோகம். தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் பாதியை 2021-ம் வருஷம் மே மாதத்தில் 'டோஜ்காயின்' என்னும் கிரிப்டோ நாணயத்தில் போட்டுவிட்டானாம்.

"நஷ்டம் எவ்வளவு, தம்பி?" என்று கேட்டோம்.

"இன்னும் விற்கவில்லையே, ஸார்! விற்றால்தானே நஷ்டம்?" என்றான்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன்!

இந்த நாணயம் பிறந்ததே ஒரு வேடிக்கை. 2013-ம் வருஷம் டிசம்பரில் பில்லி மார்கஸ், ஜாக்ஸன் பால்மர் என்ற இருவர், பரிகாசமாக ஒரு ஜப்பானிய நாயின் முகத்தைப் போட்டு இதை வெளியிட்டார்கள். இதற்குப் பின்னால் நிலமில்லை, ஆலையில்லை, வட்டியுமில்லை. நம்மைவிட அதிக விலைக்கு இன்னொருவன் வாங்கினால் லாபம், அவ்வளவே. ஈலான் மஸ்க் அமெரிக்க டெலிவிஷனில் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சியில் தோன்றப்போகிறார் என்ற பரபரப்பில், 2021 மே 8-ம் தேதி இதன் விலை எழுபது சென்டுக்கு மேல் ஏறிற்று. அந்த மாதம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் பத்து சென்ட் கூடப் பெறவில்லை.

இதைக் கண்டு சிரிக்க நம் ஊருக்கு உரிமையுண்டா? 1961-ம் வருஷத்தோடு நின்றுபோன முத்துச் சலாபத்தை நினைத்துப் பாருங்கள். மூடிய சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஏலம் கூறுகிறவனுக்கும் தெரியாது, எடுக்கிறவனுக்கும் தெரியாது. குளியாளின் பங்கிலிருந்து நாலைந்து சிப்பி வாங்கி அதிர்ஷ்டம் பார்த்தவர்களும் உண்டு. முத்துக் கிடைத்தவன் கதை ஊரெல்லாம் பரவும். அழுகிய சிப்பியைக் கழுவிக் கழுவி ஒன்றும் காணாதவன் பேசாமல் வீடு திரும்புவான். ஆகவே ஜனங்களின் காதில் விழுந்ததெல்லாம் அதிர்ஷ்டக் கதையே.

பெரிய கனவான்களும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. கடலுக்கு அப்பால், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1905-ம் வருஷச் சலாபம் அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டிக் கொடுத்தது. மறு வருஷமே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி, ஆண்டுக்கு 3 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வீதம் இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி விளையவில்லை. சில வருஷங்களில் கம்பெனியும் கலைந்தது. நேற்று விளைந்தது நாளையும் விளையும் என்று நம்பியதன் பலன் இது.

ஆயினும் சிப்பி வியாபாரத்தில் ஒரு நேர்மை இருந்தது. சலாபத்துக்கு முன்பே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துக்களை மதிப்பிடுவார்கள். அன்றியும், வாங்கிய சிப்பி எப்படியும் ஒரு நாள் திறந்தே தீரும். முத்து இருந்தால் பை நிறையும். இல்லாவிட்டால் ஆசை அன்றோடு ஒழியும்.

நாய்முக நாணயமோ ஒருநாளும் திறப்பதில்லை. 'நாளை ஏறும்' என்ற நம்பிக்கைக்குக் கெடு கிடையாது. பணம் போன வலியைவிட, ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ளும் வலி பெரிது. அதைத் தள்ளிப்போடவே மனம் 'விற்கவில்லை, ஆகவே நஷ்டமில்லை' என்ற விசித்திரக் கணக்கைப் போடுகிறது. போதாததற்கு, விடாமல் பிடித்திருப்பவனை வீரன் என்றும் விற்றவனைக் கோழை என்றும் சொல்லக் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

வாலிபனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது சுலபம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தங்கைக்கு நகை செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்குப் போய்விட்டது. ஆசைக்கு முன்னால் வந்தது அந்த ஏக்கந்தான்.

"தம்பி, மிஞ்சியிருக்கும் பணம் இன்று ரொக்கமாக உன் கையில் இருப்பதாக வைத்துக்கொள். அதைக் கொண்டு மறுபடியும் இந்த நாணயத்தையே வாங்குவாயா, தங்கைக்கு வளையல் வாங்குவாயா?"

வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது, ஸார்."

"முதலில் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல். சிப்பி திறப்பது அங்கேதான்" என்றோம்.