தத்துவப் பட்டம் சோறு போடுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம் வட்டாரத்தில் பிளஸ் டூ முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு கணக்குப் போடப்படுகிறது. ஐ.டி.ஐ. முடித்தால் எந்தக் கம்பெனி, டிப்ளமோ முடித்தால் என்ன சம்பளம் என்பதே அந்தக் கணக்கு. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை, "அத்தா, நான் பி.ஏ. தத்துவம் படிக்கிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? "அது சோறு போடுமா?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேலி செய்வது நம் நோக்கமல்ல. கடன் வாங்கிக் கடை நடத்துபவரும், வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவரும் இப்படிக் கேட்பது நியாயமே. ஆகவே, வியாபாரியின் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டே பதில் தேடுவோம்.

முதலில் பற்றுப் பக்கம். கம்பெனி வாசலில் தத்துவப் பட்டத்துக்குத் தனி மதிப்பு கிடையாது. மிஷினில் நிற்க ஆள் எடுப்பவர் அரிஸ்டாட்டிலைப் பற்றிக் கேட்பதில்லை. தமிழ், கணிதம் போலப் பள்ளிதோறும் தத்துவ ஆசிரியர் பணியிடமும் இல்லை. கல்லூரி வேலைக்கு முதுகலையோடு தகுதித் தேர்வோ டாக்டர் பட்டமோ வேண்டும். தத்துவத் துறை உள்ள கல்லூரிகளோ தமிழகத்தில் மிகச் சில. மூன்று வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கும் பட்டம் இது. இதை மறைத்து ஆசை வார்த்தை பேசுவது சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம்.

இனி வரவுப் பக்கம். ஐ.ஏ.எஸ். தேர்வு, குரூப் 1 தேர்வு, மூன்றாண்டு சட்டப் படிப்பு ஆகிய மூன்று கதவுகளும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் திறக்கும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 1750. அதில் விருப்பப் பாடத்துக்கு 500. தத்துவத்தையும் விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2013 முதல் அறநெறி பற்றிய தனித்தாள் ஒன்றும் 250 மதிப்பெண்ணுக்கு வந்துவிட்டது. நீதிமன்றத்தில் வாதாடுபவனுக்கும், பத்திரிகையில் எழுதுபவனுக்கும், எதிராளியின் வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் பயிற்சிதானே மூலதனம்? அந்தப் பயிற்சியைத்தான் தத்துவ வகுப்பு தருகிறது.

ஏழைக்கு எதற்குத் தத்துவம் என்பார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் அந்தப் பாடத்தை எடுத்ததே வசதியில்லாததால்தான். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அதையே படித்தார். 1962-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

முன்னோர் காட்டிய வழி

ஆனால் எல்லோரும் ராதாகிருஷ்ணன் ஆகிவிட முடியாது. நமக்கு ஏற்ற பாடம் நம் முன்னோர் வாழ்விலேயே இருக்கிறது. இப்னு சீனா தத்துவ மேதை. அவர் பிழைத்தது மருத்துவத்தால். இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு விரிவுரை எழுதினார்; அவர் வகித்தது காஜி பதவி. அல்லாமா இக்பால் 1899-இல் லாகூரில் தத்துவத்தில் எம்.ஏ. பெற்றார், முனிச் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார், 1908-இல் ஊர் திரும்பி வக்கீல் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அறிவுக்குத் தத்துவம், அடுப்புக்கு ஒரு தொழில். இதுதான் அவர்கள் காட்டிய வழி.

தத்துவம் படித்தால் ஈமான் கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. இமாம் கஜ்ஜாலி (ரஹ்) தத்துவவாதிகளின் கருத்துகளை முதலில் கற்றுத் தெளிவாகத் தொகுத்தெழுதினார்; அதன் பிறகே அவற்றை மறுத்து எழுதினார். படிக்காமல் மறுக்க அவர் முனையவில்லை.

வேலை மட்டும் போதுமா?

கம்பெனி வேலை நிரந்தரம் என்று நம்புகிறோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை 2022-இல் நிறுத்தியது. ஒரே மிஷினைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு சங்கம் அமைக்கும் உரிமையும் அதில் முக்கியக் கோரிக்கை. அந்தச் சங்கத்தின் பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. உரிமை என்றால் என்ன, அது யாருக்கு, அதை மறுக்க யாருக்கு அதிகாரம் என்று அங்கே எழுந்தவை அனைத்தும் தத்துவக் கேள்விகளே. அவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2001 கணக்கெடுப்பை வைத்து சச்சார் குழு 2006-இல் சொன்னது நினைவிருக்கட்டும்: 20 வயதைக் கடந்தோரில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் நாட்டில் ஏறக்குறைய 7 சதவீதம், முஸ்லிம்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. வேலைக்கு ஆள் அனுப்பும் சமுதாயமாக மட்டும் இருந்துவிட்டால், நமக்காகப் பேசுவதற்குப் பிறரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வணிகப் பெருமக்களே!

1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்து, இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பு பற்றிச் சொற்பொழிவாற்றினார். உலகம் இன்றும் படிக்கும் அந்த உரைகள் சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளால் உருவானவை. அந்த ஏற்பாட்டின் பின்னால் நின்றவர் ஒரு தோல் வணிகர், ஜமால் முஹம்மது சாகிப். திருச்சியில் 1951-இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தத்துவத்தின் விலையை அறிந்த வியாபாரி நம்மிடையே இருந்தார்!

இன்றோ, ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் கல்வி உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-இல் நிறுத்திவிட்டது. அதைத் திரும்பத் தரக் கேட்டுப் போராடுவது நம் கடமை. அதுவரை கைகட்டி நிற்கலாகாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனை, ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்துத் தத்துவமும் அதன்பின் சட்டமும் படிக்க வைக்கட்டும். ஜகாத் நிதியை இதற்கு எந்த அளவு பயன்படுத்தலாம் என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளியட்டும்.

இளைஞர்களே! வீட்டில் அடுப்பெரிய உங்கள் சம்பளம்தான் வேண்டும் என்றால் தயங்காமல் வேலைக்குப் போங்கள். ஹலாலான உழைப்பில் இழிவில்லை. ஷிப்டு முடிந்த நேரத்தில் இக்னோ பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி வழியே தத்துவம் படிக்கலாம். கல்லூரியில் சேர்ந்து படிக்க வசதியுள்ளவர்கள், கூடவே ஒரு தொழிலையும் குறிவைத்துப் படியுங்கள். பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரும் எண்ணமிருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

தத்துவப் பட்டம் தனியாகச் சோறு போடாது. ஆனால் தட்டில் விழும் சோறு யார் தயவால் வருகிறது, எந்த உரிமையால் வருகிறது என்று கேட்கக் கற்றுத்தரும். சிந்திக்கும்படி இறைமறை வலியுறுத்தும் சமுதாயம் நாம். அந்தச் சிந்தனைக்கும் நம் வரவு செலவில் ஒரு பங்கு ஒதுக்குவோம். வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக!