தோற்ற பெண்ணுக்கு மறு ஆட்டம் இல்லையா?

ஜப்பான் நாட்டில் பெண்கள் குஸ்திக்குப் பெரிய மவுசு இருக்கிறது. ஆயிரக்கணக்கான மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். இது தொழில்முறைக் குஸ்தி. ஒலிம்பிக் மல்யுத்தம் வேறு, இது வேறு. யார் வெல்வது, யார் தோற்பது என்பது இதில் முன்கூட்டியே பேசி வைக்கப்படும்.

அது ரசிகர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் போகிறார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஊரே கூடி நின்று பார்க்கிறது அல்லவா?

ஆகவே, "பேசி வைத்த சண்டை" என்பதற்காக நாம் குறை கூறவில்லை. முடிவுதான் பேசி வைத்தது. வலி பேசி வைத்தது அல்ல. கோதாவின் மூலைக் கம்பத்தில் ஏறி நின்று, அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து, எதிராளியின் மேல் விழுகிறார்கள் அந்தப் பெண்கள். ஒரு விரற்கடை தவறினால் கழுத்து போய்விடும். 1997-ல் பிளம் மரிகோ என்ற வீராங்கனை கோதாவில் பட்ட அடியால் இறந்தே போனார்.

அவர்களுடைய திறமையிலும் துணிச்சலிலும் குறை இல்லை. குறை, சண்டையின் மேல் வைக்கப்படும் பந்தயத்தில் இருக்கிறது.

பிழைப்பே பந்தயம்

2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா நகரில் ஒரு சண்டை நடந்தது. "ஸ்டார்டம்" என்ற கம்பெனி நடத்தியது. பட்டத்தை வைத்திருந்தவர் சாயா கமிதானி. எதிர்த்தவர் டாம் நகானோ. இருவருமே முன்பு பாட்டு, நடன மேடையில் இருந்தவர்கள். பிறகு உடம்பை வருத்திக் குஸ்தி கற்று, பேர் வாங்கியவர்கள்.

அன்றைய நிபந்தனை என்ன தெரியுமா? தோற்பவர் குஸ்தித் தொழிலையே விட்டுவிட வேண்டும்!

நகானோ தோற்றார். தொழிலை விட்டார்.

அதற்கு முந்திய மாதமும் இதே இருவருக்கும் ஒரு சண்டை. அதில் தோற்பவர் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டும் என்று நிபந்தனை. அதிலும் நகானோதான் தோற்றார். முதலில் கம்பெனி போயிற்று. பிறகு தொழிலே போயிற்று.

இதெல்லாம் அவருடைய சம்மதத்தோடு நடந்திருக்கலாம். ஓய்வு பெற அவரே விரும்பியிருக்கலாம். அப்படியானால் மாலை போட்டு, கை தட்டி, மரியாதையாக வழியனுப்பலாமே? "தோற்றால் தொலைந்தாள்" என்று விளம்பரம் எதற்கு? ஒருத்தியின் பிழைப்பு போகிறதா இல்லையா என்று பார்க்கக் கூட்டத்தை அழைப்பது என்ன ரசனை?

அன்று முடி, அதற்கும் முன்பு திருமணம்

இது புதிய தந்திரம் அல்ல. 1985 ஆகஸ்டில் ஒசாகா நகரில் டம்ப் மத்சுமோட்டோவும் சிகுசா நகயோவும் மோதினார்கள். தோற்பவருக்கு மொட்டை என்பது பந்தயம். இளம் பெண்களின் செல்வமாக விளங்கிய நகயோ தோற்றார். கோதாவிலேயே அவர் தலையை மழித்தார்கள். பார்க்க வந்த பள்ளிச் சிறுமிகள் கதறி அழுதார்கள்.

ஜப்பானை மட்டும் சொல்வானேன்? நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள்.

1954-ல் அலிகாரைச் சேர்ந்த ஹமீதா பானு என்ற பெண் பயில்வான் ஒரு சவால் விட்டார். "என்னைக் குஸ்தியில் தோற்கடிப்பவரை நான் மணந்துகொள்கிறேன்" என்பதுதான் அந்தச் சவால். ஐந்தடி மூன்று அங்குல உயரம். 108 கிலோ எடை. பாட்டியாலா பயில்வான் ஒருவர் வந்தார்; தோற்றார். கல்கத்தாக்காரர் வந்தார், அவரும் தோற்றார். அந்த மே மாதம் பரோடாவில் பாபா பயில்வான் என்பவர் எதிர்த்தார். ஒரு நிமிடம் 34 விநாடியில் சண்டை முடிந்துவிட்டது. பானுவே வென்றார்.

சண்டைகள் போலி என்று சிலர் புகார் செய்தார்கள். அப்போது பம்பாய் முதல் மந்திரியாக இருந்த மொரார்ஜி தேசாய் வரை அது போயிற்று. பெண் என்பதற்காக அவருடைய குஸ்தியைத் தடுக்கவில்லை, சண்டை நடத்துகிறவர்கள் டம்மி ஆட்களை எதிரே நிறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று அவர் விளக்கம் கூறினார்.

போலியோ, நிஜமோ, கூட்டம் கூடியது எதற்காக? பானுவின் பிடியைப் பார்க்கவா? அவர் யாருக்கு மனைவி ஆகிறார் என்று பார்க்கத்தான்! கூட்டம் கலைந்த பிறகு அவரை யாரும் கவனிக்கவில்லை. பம்பாய்க்கு அருகே கல்யாண் என்ற ஊரில் பால் விற்றும், சாலையோரம் தின்பண்டம் விற்றும் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1986-ல் காலமானார்.

முடி, திருமணம், பிழைப்பு. பெயர்கள்தான் வேறு. மூன்றிலும் பந்தயப் பொருள் பெண்ணின் வாழ்வே.

பூச்சு எதற்கு?

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நல்ல தோலுக்குப் பூச்சு அதிகம் வேண்டாம். கீறல் விழுந்த தோலுக்குத்தான் மேலே பூச்சு கனமாக ஏறும். குஸ்தியும் அப்படித்தான்.

2024 ஜூலை 13 அன்று டோக்கியோவில் சரீ, ஜூலியா என்ற இருவர் மோதினார்கள். நடந்த இடம், சுமோ பந்தயங்களுக்குப் பேர்போன ரியோகோகு மண்டபம். பெண் கால் படக்கூடாது என்று சுமோ மேடையை இன்றும் விலக்கி வைத்திருக்கும் நாடு அது. அந்த மண்டபத்தில் இரண்டு பெண்களின் சண்டை! பந்தயம் பட்டம் மட்டுமே. சரீ வென்றார். தோற்ற ஜூலியா அடுத்து அமெரிக்காவுக்குப் போய்க் குஸ்தி போட்டார். யாருடைய வாழ்வும் பறிபோகவில்லை. சண்டையின் சுவையும் குறையவில்லை.

நிஜ மல்யுத்தத்தையும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகத், ஜப்பானின் யூயி சுசாகியைத் தோற்கடித்தார். வெளிநாட்டவரிடம் அதுவரை தோற்றே அறியாதவர் சுசாகி. அவர் கதை அத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை. மறுநாளே வெண்கலப் பதக்கம் வென்றார். வினேஷோ 100 கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியை இழந்தார். விதி கடுமையானதுதான். ஆனால் தோற்றவர் மீண்டும் எழுந்து வர, விளையாட்டு வழி விட்டிருக்கிறது.

நம் வீட்டுப் பந்தயம்

ஜப்பான்காரருக்குப் புத்தி சொல்வதோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. இதே பந்தயம் நம் வீடுகளிலும் நடக்கிறது.

"பத்தாவதில் தேறாவிட்டால் ஷூ கம்பெனிக்குப் போ." "பன்னிரண்டாவதில் தோற்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவோம்." எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு! ஷூ கம்பெனி வேலை இழிவானதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் எத்தனையோ குடும்பங்களில் அந்தப் பெண்களின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அந்த வேலையைத் தண்டனையாகக் காட்டி மிரட்டுவதுதான் தவறு. மகன் தோற்றால் "அடுத்த முறை எழுது" என்கிறோம். மகள் தோற்றால் படிப்பையே நிறுத்துகிறோம். தோற்றால் தொழிலை விடு என்ற ஜப்பான் பந்தயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எருது விடும் விழாவில் பரிசு தவறிய காளையை நாம் என்ன செய்கிறோம்? தீனி போட்டு, பழக்கி, அடுத்த தைக்கு மறுபடி ஓட்டி வருகிறோம். காளைக்கு மறு ஆட்டம் உண்டு. மகளுக்கு மட்டும் இல்லையா?

அரசாங்கமே துணைத் தேர்வு வைத்திருக்கிறது. தோற்ற மாணவி அதே ஆண்டில் மீண்டும் எழுதலாம். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். முடிவு வந்த அன்று மாப்பிள்ளை தேடிக் கிளம்பாமல், துணைத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். ஓட்டத்திலோ கபடியிலோ தோற்று வந்த மகளின் காலணியைப் பரணில் போடாதீர்கள். மறுநாள் காலையில் அவளை எழுப்பி மைதானத்துக்கு அனுப்புங்கள்.