நெக்லைன் உடைந்த பிறகு

ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், டபுள் டாப், இறங்குமுக முக்கோணம் என்று ஷார்ட் போடுவதற்கான சார்ட்களை அலசும் கட்டுரைகள் இப்போது நம் மேசைக்கு நிறைய வருகின்றன. படங்கள் சுத்தமாக இருக்கின்றன. தலையிலிருந்து நெக்லைன் வரை உயரத்தை அளந்து, அதையே கீழே வைத்து இலக்கும் சொல்லிவிடுகிறார்கள். விற்றவர் அந்தப் பங்கைத் திரும்ப யாரிடம் வாங்குவார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலான கட்டுரைகளில் எழுவதே இல்லை. வாங்கும் பேட்டர்னைக் கவிழ்த்துப் போட்டால் விற்கும் பேட்டர்ன் கிடைத்துவிடும் என்ற நினைப்புதான் இதற்குக் காரணம். அந்த நினைப்பு தவறு. நம் வாசகர்களுக்குப் பணச் சேதம் உண்டாக்கும் தவறு.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 500 ரூபாயில் 100 பங்கு வாங்கியவர் போட்டது 50,000 ரூபாய். விலை அவருக்கு எதிராகப் போனால் கையிலுள்ள சரக்கின் மதிப்பு சுருங்கும். அதே விலையில் ஷார்ட் போட்டவருக்கோ, பங்கு 750க்கு ஏறும்போது சுமக்கும் பொசிஷன் 75,000 ஆகிவிடுகிறது. கூடவே மார்ஜின் கேட்டு புரோக்கரின் அழைப்பும் வரும். தவறு வளர வளர சுமையும் வளரும் வியாபாரம் இது. வால்யூமிலும் வித்தியாசம் உண்டு. மேலே உடைக்க வால்யூம் வேண்டும். கீழே விழ அது கட்டாயமில்லை, வாங்க ஆளில்லாவிட்டால் போதும், விலை தன் பாரத்திலேயே இறங்கும். சார்ட் அலசலின் முன்னோடிகளான எட்வர்ட்ஸும் மகீயும் 1948லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இருந்தும், வால்யூம் இல்லாத உடைப்பைப் பொய் என்று ஒதுக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

எங்கே நுழைவது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நெக்லைன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கோடு. நியூயார்க் பெடரல் ரிசர்வில் இருந்த கரோல் ஆஸ்லர் அமெரிக்கப் பங்குகளில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் பேட்டர்னை ஆராய்ந்து 1998இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பேட்டர்ன் முடியும் இடத்தில் வர்த்தக அளவு கூடுவது உண்மை, ஆனால் அதை நம்பிச் செய்த வர்த்தகம் லாபம் தரவில்லை என்பது அவர் கண்டது. கூட்டம் கூடுகிறது, காசு சேரவில்லை. அமெரிக்க முதலீட்டாளர் வில்லியம் ஓநீல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். முன்னணிப் பங்கு ஒன்று உச்சம் தொட்டு ஐந்து முதல் ஏழு மாதங்களோ அதற்கும் மேலோ கழிந்த பிறகுதான் ஷார்ட்டுக்கு நல்ல தருணம் பெரும்பாலும் வாய்க்கிறது என்றார். முதல் சரிவில் அவசரமாக விற்றவர்களை 50 நாள் சராசரிக்கு மேலே திரும்பத் திரும்ப ஏறும் எழுச்சிகள் துரத்திவிடும். நம்பிக்கையோடு பிடித்து வைத்திருப்பவர்களும் விலை குறைந்ததென்று வாங்குபவர்களும் களைத்துப் போன பின்னர்தான் உண்மையான இறக்கம் வரும்.

ஓர் உதாரணக் கணக்கு. தலை 640, நெக்லைன் 560, வலது தோள் 610; இலக்கு 480. உடைந்த வேகத்தில் 552இல் விற்று, தோளுக்கு மேலே 612இல் ஸ்டாப் லாஸ் வைத்தால், 72 ரூபாய் லாபத்துக்காக 60 ரூபாயைப் பணயம் வைக்கிறோம். விலை 535 வரை இறங்கி, வால்யூம் வற்றிப்போய், மறுபடி 558 வரை வந்து திரும்பும்போது 554இல் விற்றால் ஸ்டாப் 568இல் போதும். 74 ரூபாய்க்கு 14 ரூபாய். நெக்லைனுக்குத் திரும்பாமல் நேரே விழுந்துவிடும் பங்குகள் நம் கையை விட்டுப் போகும்தான். போகட்டும் என்று விடத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் அடுத்த வருஷமும் இருப்பார்.

ஆனால் எவ்வளவு நல்ல நுழைவும் காப்பாற்றாத நிலை ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் யெஸ் வங்கிப் பங்கில் அது நடந்தது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி உச்சம் தொட்ட பங்கு, ஒன்றரை ஆண்டாக ஒவ்வொரு சப்போர்ட்டையும் உடைத்து இறங்கியது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கேட்டதன்பேரில் மத்திய அரசு வங்கிக்குத் தடை விதித்தது. வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய பணம் 50,000 ரூபாய் என்றானது. மறுநாள் பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. சார்ட் சரி, செய்தி சரி, கொரோனாவால் மொத்தச் சந்தையும் சரிந்துகொண்டிருந்தது. மார்ச் 13இல் வந்த மறுசீரமைப்புத் திட்டமோ, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் இருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டியது. விற்கக்கூடிய சரக்கு ஒரே இரவில் வற்றியது. அடுத்த வாரம், மார்ச் 18க்குள், பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. எந்த ரெசிஸ்டன்ஸ் கோடும் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

2008 அக்டோபரில் வோக்ஸ்வாகனிலும் காரணம் இதேதான். பங்குகளாகவும் ஆப்ஷன்களாகவும் 74 சதவீதத்துக்கு மேல் தன்னிடம் இருப்பதாக போர்ஷே ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. 20 சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடம். மிச்சம் ஏறக்குறைய 6 சதவீதம். ஷார்ட் அதைவிட அதிகம். இரண்டே நாளில் விலை 1,000 யூரோவைக் கடந்தது.

நம் ஊரில் இதன் சின்ன வடிவம் தினமும் நடக்கிறது. ரொக்கச் சந்தையில் ஷார்ட் போட்டால் அன்றே கவர் செய்தாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், சிறு நிறுவனம் ஒன்றின் பங்கில் அருமையான டபுள் டாப் பார்த்துக் காலையில் விற்றேன். மதியம் பங்கு அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. விற்பவர் ஒருவர்கூட இல்லை. டெலிவரி கொடுக்க முடியாமல் ஏலத்துக்குப் போய், அங்கே நிர்ணயமான விலையைக் கட்டினேன். திரையில் இருந்த பேட்டர்ன் அப்போதும் உடையாமல்தான் இருந்தது. ஒரு நாளுக்கு மேல் ஷார்ட்டை வைத்திருக்க ப்யூச்சர்ஸ் உண்டு, 2008 முதல் எஸ்.எல்.பி. வழியாகப் பங்கைக் கடன் வாங்கவும் முடியும். ஆனால் எஸ்.எல்.பி.யில் பல பங்குகளுக்குக் கடன் கொடுக்க ஆளே கிடைப்பதில்லை. ப்யூச்சர்ஸை எக்ஸ்பைரி வரை விட்டால் பங்கை டெலிவரி கொடுக்க வேண்டியிருக்கும். 2022–23இல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொன்னது. அந்த ஏழு பேரில் நம் இதழைப் படித்துவிட்டு விற்றவர்களும் இருப்பார்கள் என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது.

ஆகவே அடுத்த இதழ் முதல், ஷார்ட் பற்றிய எந்தக் கட்டுரையும் சார்ட்டை மட்டும் வைத்து நம் பக்கங்களில் வராது. பங்கு ப்யூச்சர்ஸ் பட்டியலில் உள்ளதா, இல்லையென்றால் சர்க்யூட் வரம்பு எத்தனை சதவீதம், நிறுவனர்கள் கையில் இருப்பது போகச் சந்தையில் புழங்கும் பங்கு எவ்வளவு, ஓபன் இன்ட்ரஸ்ட் 95 சதவீதத் தடை எல்லையை நெருங்குகிறதா என்பதெல்லாம் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஸ்டாப் லாஸ் எந்த விலையில் என்பதும் கட்டாயம். எழுதுபவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். வலது தோளைத் தாண்டி ஏறி உங்களை வெளியே தள்ளிய சார்ட்களையும் அனுப்புங்கள். அவற்றுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.