தோல் சதவீதம் மூச்சை அளக்காது: புகைக் காயம் பற்றிய எங்கள் நிலைப்பாடு

தீக்காயப் பிரிவுகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் 108 வண்டிகளிலும் வேலை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்கள், அவசரகால உதவியாளர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. தீ விபத்தில் புகை குடித்தவர்களையும் மூச்சுப்பாதை வெந்தவர்களையும் நம் மருத்துவமனைகள் கையாளும் முறையில் அடிப்படைக் கோளாறு ஒன்று இருப்பதாகக் கருதுகிறோம். எங்கே அனுப்புவது, எவ்வளவு அவசரம், பிழைப்பாரா என்ற எல்லாவற்றையும் உடம்பில் தோல் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்ற ஒற்றை எண்ணை வைத்தே முடிவு செய்கிறோம். 'நாற்பது பர்சன்ட் பர்ன்ஸ், மதுரைக்கு ரெஃபர்' என்று சீட்டில் எழுதியிருக்கும். மூடிய அறையில் இருந்தாரா, குரல் மாறியிருக்கிறதா, சளியில் கரி வந்ததா என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எங்கள் நிலைப்பாடு இதுதான். புகைக் காயம் ஒரு தனிக் காயம். தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாதவரையும் அது கொல்லும். மூச்சுப்பாதையைக் காப்பது பற்றிய முடிவை நோயாளி முதலில் வந்து சேரும் மருத்துவமனையே, ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

தீயைவிடப் புகை அதிகம் பேரைக் கொண்டுபோகும் என்பதற்கு நாடு பலமுறை விலை கொடுத்திருக்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் தீப்பிடித்தது கீழே இருந்த மின்மாற்றி. இறந்த 59 பேரில் பெரும்பாலானோர் மேலே பால்கனியில் மூச்சுத் திணறிப் போனவர்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் எழுந்த புகை, மாடிகளில் படுத்திருந்த ஏறக்குறைய 90 பேரின் உயிரைப் பறித்தது. 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப் தொழிலாளர் குடியிருப்பில் இறந்த 45 இந்தியர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கும் தரைத்தளத்துத் தீயின் புகை படிக்கட்டு வழியாக ஏறித்தான் பெரும்பாலானோரைக் கொன்றது. அதே ஆண்டு டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள்.

புகை மூன்று வழிகளில் தாக்குகிறது. மூன்றுக்கும் வேகம் வேறு, சிகிச்சையும் வேறு.

முதலாவது சூடு. வறண்ட சூடான காற்று குரல்வளையைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தன் வெப்பத்தை வாயிலும் தொண்டையிலும் இறக்கிவிடும். அதனால் வேகும் இடம் குரல்வளைக்கு மேலேதான். நீராவி இதற்கு விதிவிலக்கு. வறண்ட காற்றைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் அது நுரையீரல் கிளைகள்வரை இறங்கிச் சுடும். நெல் அவிக்கும் ஆலையிலிருந்தும் சாயப்பட்டறை பாய்லரிலிருந்தும் வருகிறவர்களைப் பார்க்கும்போது இதை மறக்கக்கூடாது. வெந்த தொண்டை உடனே அடைக்காது என்பதுதான் ஆபத்தே. வீக்கம் மணிக்கணக்கில் ஏறி, முதல் ஒரு நாளைச் சுற்றி உச்சத்துக்குப் போகிறது. தோல் காயத்துக்காக நாம் ஏற்றும் சலைன் அந்த வீக்கத்தை இன்னும் கூட்டும். அதற்காகச் சலைனைக் குறைக்கவும் முடியாது, புகைக் காயம் சேர்ந்தவருக்குத் திரவம் கூடுதலாகவே தேவைப்படும். இரவு எட்டு மணிக்குத் தன் பெயர், ஊர், விபத்து நடந்த விதம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னவர் நள்ளிரவில் மூச்சுக்குத் தவிப்பார். அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார்? சிவகாசியிலிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குள் வீங்கி அடைத்த தொண்டையில் குழாய் போடுவது தேர்ந்த மயக்கவியல் மருத்துவருக்கே கைகூடாத வேலை.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது. 8 மி.மீ. விட்டமுள்ள பெரியவரின் மூச்சுப்பாதை சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் வழியின் பரப்பு 44 சதவீதம் குறைகிறது. 4 மி.மீ. உள்ள கைக்குழந்தைக்கு அதே வீக்கம் 75 சதவீதத்தை அடைத்துவிடும்.

இரண்டாவது ரசாயனம். பி.வி.சி. வயர் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, கந்தகம் எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு. கரித்துகள் இவற்றைச் சுமந்துபோய்க் காற்றுக் குழாய்களின் சுவரில் ஒட்டவைக்கிறது. முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அதைக் காட்டி 'லங்ஸ் கிளியர்' என்று எழுதுவது அறிக்கையே தவிர நோயறிதல் ஆகாது. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைக் காட்டுவது மூச்சுக்குழாய்க்குள் ஸ்கோப் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிதான். அது இல்லாத ஊரில் சந்தேகத்தை நோயாளிக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும்.

மூன்றாவது நஞ்சு. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. இங்கேதான் நம் வார்டுகள் அன்றாடம் ஏமாறுகின்றன. விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது. திரையில் 98 காட்டும். நோயாளி உளறிக்கொண்டிருப்பார், தலைவலி என்பார், வாந்தி எடுப்பார். 'சாச்சுரேஷன் நார்மல்' என்று ஆக்சிஜனை நிறுத்துவது இந்த நோயாளிக்குச் செய்யக்கூடிய மிக மோசமான உதவி. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோ-ஆக்சிமெட்ரி வசதியுள்ள ஏ.பி.ஜி. (ரத்த வாயு) கருவியில் அளந்தால்தான் உண்மை தெரியும், அந்த வசதி எல்லாக் கருவியிலும் இல்லை. ஆனால் சிகிச்சைக்கு அந்த எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெறும் காற்றை மட்டும் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாக நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே மூடிய இடத்துத் தீயிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட எல்லோருக்கும், ஆக்சிமீட்டர் என்ன சொன்னாலும், பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜனை 108 வண்டியிலேயே தொடங்க வேண்டும். மூக்கில் மாட்டும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீண்ட நேரம் கொடுக்க வேண்டும். கருவின் ரத்தம் இந்த நஞ்சை எளிதில் விடாது.

இன்னொரு நஞ்சைப் பற்றி நம் மருத்துவமனைகளில் பேச்சே கிடையாது: ஹைட்ரஜன் சயனைடு. பாலியூரித்தேன் ஃபோம், நைலான், அக்ரிலிக், கம்பளி, பட்டு எது எரிந்தாலும் வரும். கோரைப்பாயும் இலவம்பஞ்சு மெத்தையும் இருந்த வீடுகளில் இப்போது ஃபோம் மெத்தையும் சோபாவும் இருக்கின்றன. தீயின் குணமும் சேர்ந்து மாறிவிட்டது. பிரேசிலின் சான்டா மரியா நகரில் 2013 ஜனவரியில் ஒரு நடன விடுதியின் கூரையில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு ஃபோம் எரிந்து 242 பேர் இறந்தார்கள். முறிவு மருந்தான ஹைட்ராக்சோகோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) அமெரிக்காவிலிருந்து வந்து சேர்வதற்குள் நாள்கள் ஓடிவிட்டன. சயனைடு முறிவு நிமிடக் கணக்கில் கொடுக்கப்பட வேண்டியது. மயங்கியிருப்பவர், ரத்த அழுத்தம் விழுந்தவர், பெரிய தோல்காயம் இல்லாமலே ரத்த லாக்டேட் லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தொட்டவர் ஆகியோருக்குச் சயனைடு நஞ்சு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முறிவு மருந்தின் அளவு பெரியவருக்கு 5 கிராம், குழந்தைக்குக் கிலோவுக்கு 70 மி.கி. நரம்புத் தளர்ச்சிக்கு நாம் போடும் 1 மி.கி. பி12 ஊசியை வைத்து இதைச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஆளுக்கு ஐயாயிரம் ஊசி உடைக்க வேண்டும். எனவே தீக்காயப் பிரிவு உள்ள எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், பட்டாசுத் தொழில் சூழ்ந்த விருதுநகர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இந்த மருந்தை முழு அளவுக் குப்பியாக இருப்பு வைக்க அரசு கொள்முதல் செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை: மருந்து ஏறியதும் ரத்தமும் சிறுநீரும் சிவந்து சில பரிசோதனை முடிவுகள் குழம்பும். ரத்த மாதிரியை முன்பே எடுத்துவிட வேண்டும். பழைய முறையான சோடியம் நைட்ரைட்டை இந்த நோயாளிகளுக்குத் தரக்கூடாது என்கிறோம். ஏற்கெனவே ஆக்சிஜன் சுமக்க முடியாமல் இருக்கும் ரத்தத்தில் அது இன்னொரு பங்கை முடக்கிவிடும்.

யாருக்கு டியூப் போடுவது என்பதில் எங்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. முகம் கருகியிருக்கிறது, மூக்கு முடி பொசுங்கியிருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் குழாய் போட்டு வென்டிலேட்டரில் ஏற்றுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. காஸ் சிலிண்டர் கசிவில் குப்பென்று பற்றிய நெருப்பு புருவத்தைச் சுட்டுவிட்டுப் போயிருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. தெளிவாகப் பேசுகிறவர், திறந்த வெளியில் சுட்டுக்கொண்டவர் என்றால் தலைமாட்டை உயர்த்தி, மணிக்கு ஒருமுறை குரலைக் கேட்டு, முடிந்தால் தொண்டையை மெல்லிய ஸ்கோப்பால் பார்த்து, கண்காணிப்பில் வைக்கலாம். தேவையற்ற குழாயும் நிமோனியாவைக் கொண்டுவரும். ஆனால் குரல் கம்மிவிட்டது, மூச்சிழுக்கும்போது விசில் போல் சத்தம் வருகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய்க்குள் வீக்கமோ கொப்புளமோ தெரிகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. பெரியவருக்குக் கூடுமானவரை 8 மி.மீ. குழாய், பின்னால் கரியையும் சளியையும் ஸ்கோப் விட்டு எடுக்க வழி வேண்டும். குழாயை வெட்டிக் குட்டையாக்கக் கூடாது, முகம் வீங்கும்போது அது உள்ளே போய்விடும். வெந்த கன்னத்தில் பிளாஸ்டர் நிற்காது. நாடாவால் கட்ட வேண்டும். புகைக் காயத்துக்கென்று ஸ்டீராய்டோ, 'இருக்கட்டுமே' என்று ஆன்டிபயாட்டிக்கோ போடும் வழக்கத்தையும் கைவிடக் கோருகிறோம்.

'டியூப் போட்டால் ஆள் திரும்ப மாட்டார்' என்ற பேச்சு உறவினர்களிடம் ஆழமாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி நேரத்தில், எல்லாம் கைமீறிய பிறகு குழாய் போட்ட மருத்துவமனைகளைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு பிறந்தது.

இனி வருவது பலருக்குப் பிடிக்காது. உடலில் தீ வைத்துக்கொண்ட, அல்லது தீ வைக்கப்பட்ட பெண்கள் வரும்போது மரண வாக்குமூலத்துக்காக நீதித்துறை நடுவருக்குத் தகவல் போகிறது. குழாய் போட்டால் பேச முடியாது என்பதால், அவர் வரும்வரை பொறுக்கும்படி வாய்மொழியாகச் சொல்லப்படுவதுண்டு. குரல் கம்மிக்கொண்டே போகும் நோயாளியை அப்படிக் காத்திருக்க வைப்பதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. சட்டமும் அதைக் கேட்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 26-ஆவது பிரிவோ, அதற்கு முன்பிருந்த சாட்சியச் சட்டத்தின் 32-ஆவது பிரிவோ வாக்குமூலத்துக்குக் குறிப்பிட்ட வடிவம் எதையும் விதிக்கவில்லை. நடுவர்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. தொண்டை அறுபட்ட பெண் கையசைவால் சொன்ன பதிலை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1885-இலேயே ஏற்றது. 2012 டெல்லிப் பேருந்து வழக்கில் சைகையால் தரப்பட்ட வாக்குமூலத்தை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. குழாய்க்கான மருந்துகளைத் தயார் செய்யும் சில நிமிடங்களில், நோயாளி தெளிவாக இருந்தால், பணியிலிருக்கும் மருத்துவரே அவர் சொல்வதை எழுதி நேரமும் கையொப்பமும் இடலாம். அதற்குமேல் ஒரு நிமிடமும் காத்திருக்க முடியாது. இதை எழுத்துமூலமான சுற்றறிக்கையாக மருத்துவக் கல்வி இயக்குநரகமும் காவல்துறையும் சேர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். தனி ஒரு பயிற்சி மருத்துவரின் தலையில் இந்தச் சுமையை ஏற்றக்கூடாது.

சதவீதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. தீக்காயத்தில் இறப்பைக் கணிக்கும் திருத்தப்பட்ட பாக்ஸ் அளவீடு வயதையும் தோல் சதவீதத்தையும் கூட்டி, புகைக் காயம் இருந்தால் 17 சேர்க்கிறது. முப்பது சதவீதம் வெந்தவர் புகையும் குடித்திருந்தால் கிட்டத்தட்ட நாற்பத்தேழு வெந்தவருக்குச் சமம். ஆகவே ரெஃபரல் சீட்டில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே மூடிய இடமா, குரல், சளியில் கரி, ஆக்சிஜன் தொடங்கிய நேரம், குழாய் பற்றிய முடிவும் அதன் காரணமும் என ஐந்து கட்டங்கள் அச்சிடப்பட வேண்டும்.

பொதுமக்களுக்கு: ஈரத்துணியை மூக்கில் கட்டினால் கரித்துகள் கொஞ்சம் நிற்கும், கார்பன் மோனாக்சைடு நிற்காது. தவழ்ந்து வெளியேறுங்கள், லிஃப்ட்டில் ஏறாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும், கதவைச் சாத்திக்கொண்டு ஜெனரேட்டர் ஓட்டுவதும் தீ விபத்தே இல்லாமல் இதே நஞ்சைத் தரும். வெளியே வந்தவருக்குக் குரல் மாறியிருந்தால் தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடால் மயங்கி விழுந்து, ஆக்சிஜனில் தெளிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்களில் சிலருக்குச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மறதி, நடைத் தடுமாற்றம், சுபாவ மாற்றம் வரும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஆறு வாரத்துக்குள் நரம்பியல் பரிசோதனைக்கான தேதியைக் குறிப்பிட வேண்டும். இந்த அறிக்கை தீயின் புகைக்கும் நீராவிக்கும் மட்டும் பொருந்தும். அம்மோனியா, குளோரின் போன்ற ஆலைக் கசிவுகள் இதில் அடங்கா.