நகல் வேறு, போலி வேறு

'ஹாலோவீன்' படத்தின் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் பேசுவதில்லை, ஓடுவதும் இல்லை. வெளிறிய ரப்பர் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருவான். 1978ல் அமெரிக்க ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுக்க அதுவே போதுமானதாக இருந்தது. அந்த முகமூடியைப் படக்குழு வாங்கிய விலை 2 டாலருக்கும் குறைவு. இன்று அதைப் பார்த்துக் கைதேர்ந்த ஒருவர் செய்யும் நகலுக்கு ரசிகர்கள் நூற்றுக்கணக்கான டாலர்கள் கொடுக்கிறார்கள். பணம் இவ்வளவு புரளும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். அதனால்தான் திகில் பட முகமூடி சேகரிப்பவர்களிடையே ஒரு தனிக் கலையே வளர்ந்திருக்கிறது: நகல்களில் எது நம்பத்தக்கது என்று கண்டுபிடிக்கும் கலை.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். நகல் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதில் அசல் என்ன, போலி என்ன? ஆனால் விஷயம் அத்தனை எளிதல்ல.

படத்தின் இயக்குனர் ஜான் கார்பென்டரிடம் காசு குறைவு. தயாரிப்பு வடிவமைப்பைக் கவனித்த டாமி லீ வாலஸ் கடைக்குப் போய் இரண்டு முகமூடிகளை வாங்கி வந்தார். ஒன்று சர்க்கஸ் கோமாளி. மற்றது 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க். நடிகர் வில்லியம் ஷாட்னரின் சாயலில் டான் போஸ்ட் ஸ்டூடியோஸ் 1975ல் தயாரித்தது. கோமாளியைவிட, எந்த உணர்ச்சியும் இல்லாத கிர்க்தான் வயிற்றைக் கலக்கினார். வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் அகற்றினார். கண் துளைகளைப் பெரிதாக வெட்டினார். முகத்துக்கு வெள்ளை அடித்து, தலைமுடியைக் கலைத்துவிட்டார். பேய்முகம் தயார்.

ஆக, சேகரிப்பவர்கள் 'அசல்' என்று கொண்டாடுவதே ஒரு நடிகர் முகத்தின் நகலைச் சிதைத்து உருவாக்கியது. எனவே விவரம் தெரிந்தவர் விற்பவரிடம் முதலில் கேட்பது, "இது எதன் நகல்?" தொழிற்சாலையிலிருந்து வந்த கிர்க்கின் நகலா? வாலஸ் கைவைத்த பிறகு இருந்ததா? நீல வெளிச்சத்தில் திரையில் தெரிந்ததா? மூன்றும் ஒன்றல்ல. திரையில் வெள்ளைவெளேரென்று தெரிந்தது கையில் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

1981ல் வந்த இரண்டாம் பாகம் குழப்பத்தைக் கூட்டியது. அதே முகமூடிதான். ஆனால் முதல் படத்தில் நிக் கேசில் அணிந்ததை இப்போது டிக் வார்லாக் அணிந்தார். தலை வேறு, ரப்பர் இழுபட்ட விதமும் வேறு. இடையில் மூன்று ஆண்டுகளில் பொருளும் மஞ்சள் பாய்ந்திருந்தது. ஒரே முகமூடி இரண்டு முகங்களாகத் தெரிந்தது. இதனால் நேர்மையான கலைஞர் தன் நகல் எந்த ஆண்டின் முகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். 'ஒரிஜினல் மயர்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக விற்பவரிடம் எச்சரிக்கை தேவை.

அடுத்த சோதனை அளவுகோலை வைத்து. இத்தகைய முகமூடிகள் ரப்பர் பாலில் செய்யப்படுபவை. களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் பாலை ஊற்றினால் சுவரோரமாகத் தோல்போல் படியும். மீதியைக் கொட்டிவிட்டு, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். காயும்போது ரப்பர் சற்றே சுருங்கும். இந்தச் சுருக்கம்தான் திருடனைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒருவர் மாதக்கணக்கில் செதுக்கி விற்ற முகமூடியை இன்னொருவர் வாங்கி, அதன்மேலேயே அச்சு எடுத்து வார்த்து விற்பதுண்டு. இந்தத் தொழிலில் இதுதான் பெரிய களவு. அப்படி வார்த்தது மூலத்தைவிடச் சிறியதாக இருக்கும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் அது இன்னும் சிறுக்கும். தோலின் நுண்துளைகள் அடைபடும்; காது மடலின் வளைவு மழுங்கும்; உதட்டோரக் கோடுகள் மங்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தேய்வதுபோல. தாடை நுனியிலிருந்து நெற்றிவரை அளந்து, அதே கலைஞர் நேரடியாக விற்ற முகமூடியின் அளவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

வயதும் பேசும். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் ரப்பரைத் தின்பவை. நாளடைவில் அது நிறம் மாறும், விறைக்கும், வெடிக்கும். பழைய பொருள் என்று நம்பவைக்கத் தேயிலைச் சாயம் பூசி, உப்புத்தாள் தேய்ப்பவர்கள் உண்டு. ஆனால் இயற்கையான முதுமை ஒரே சீராக வராது. வெளிச்சம் பட்ட பக்கம் ஒரு மாதிரி, மடிப்புக்குள் ஒரு மாதிரி இருக்கும். எங்கும் ஒரே பழுப்பு என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

எல்லா முகமூடிக்கும் இதே சோதனை பொருந்தாது. 1996ல் வெளியான 'ஸ்க்ரீம்' படத்தின் அலறும் பேய்முகம் படத்துக்காகப் பிறந்ததே அல்ல. படப்பிடிப்புக்கு இடம் தேடிப்போன வீடொன்றில் தயாரிப்பாளர் மரியான் மடலேனா கண்ணில் பட்டது. ஃபன் வேர்ல்ட் என்ற நிறுவனத்தின் கடைச் சரக்கு. இங்கே கடைச் சரக்குதான் அசல். அதனால் சேகரிப்பவர் பார்ப்பது செதுக்கலை அல்ல, நிறுவனத்தின் முத்திரையையும் அது எந்தக் காலத்துத் தயாரிப்பு என்பதையும்.

படம் எடுப்பவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 1998ல் வந்த 'ஹாலோவீன் எச்20' படத்தில் முகமூடி காட்சிக்குக் காட்சி மாறியது. ஒரு காட்சியில் கணினியில் உருவாக்கியதையே ஒட்டவைத்தார்கள். 2018ல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய படத்துக்குக் கிறிஸ்டோபர் நெல்சனின் குழு, 40 ஆண்டுகள் மூப்படைந்த முகமூடியைப் புதிதாகவே செய்ய நேர்ந்தது. கோடிகள் புழங்கும் இடத்திலேயே இந்தப் பாடு என்றால், புகைப்படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பும் ரசிகனின் கதி என்ன?

அவனைக் காப்பாற்றுவது கண் மட்டுமல்ல, வரலாறும்தான். யார் செதுக்கியது, எந்த அச்சில் வார்த்தது, வண்ணம் தீட்டியது யார், யார் கை மாறி வந்தது என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வேண்டும். பல கலைஞர்கள் முகமூடியின் கழுத்துப் பகுதியில் தங்கள் பெயரைப் பொறித்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் இருக்கும்வரை அது நகல். யாராவது அதைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்றால் அந்தக் கணமே போலி. ரப்பர் மாறவில்லை, வண்ணம் மாறவில்லை. ஒருவரின் மாதக்கணக்கான உழைப்பு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இந்தச் சோதனைகளை எல்லாம் வைத்தால் 1978ல் வாலஸின் கையில் இருந்த முகமூடியே தேறாது. இன்னொரு நிறுவனத்தின் சரக்கு, அடையாளங்கள் அழிக்கப்பட்டது, மேலே வேறு வண்ணம். ஒரே ஒரு வித்தியாசம், அதை வேறு ஏதோ என்று சொல்லி அவர் யார் தலையிலும் கட்டவில்லை.