பாட்டில் எஞ்சும் மொழி

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகின்றதென்று நாம் பெருமை பேசுகின்றோம். அவ்வாவிக் கரையில் மனிதர் பாடும் பாட்டொன்றைக் கேட்டவர் நம்முள் எத்துணைப் பேர்? பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் றபானும் ஒலிக்க, ஆணும் பெண்ணும் சோடியாய் ஆடும் கபிரிஞ்ஞாவையே ஈண்டுக் குறிக்கின்றேன்.

போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை பத்தாண்டில் கைமாறியது. அவர் மொழியினின்று கிளைத்த கிரியோல் மொழியோ பறங்கியர் வீடுகளிற் பல தலைமுறை நிலைத்தது. இன்றும் முற்றாக மறைந்திலது.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இம்மொழி ஒரு வியப்பு. சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ நமது. வினை ஈற்றில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின்பின் வரும். நாமும் வாங்காமல் விட்டோமல்லேம். மேசை, கதிரை, அலுமாரி, சன்னல், சாவி யாவும் அவர்வழி வந்தனவே. தனித்தமிழ் பேசும் நண்பரும் கதிரையில் அமர்ந்துதான் அதனைப் பேசுகின்றார்!

இன்று அம்மொழி வீட்டிலே தளர்ந்துவிட்டது. பிள்ளைகள் தமிழிற் கற்கின்றனர், தமிழிலேயே விளையாடுகின்றனர். குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தன. 2004இல் ஆழிப்பேரலை, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார்க் கரையைச் சூறையாடிற்று. எஞ்சியோர் தம் ஒன்றியத்தின்கீழ்க் கூடி ஆட்டத்தையும் பாட்டையும் பேணி வருகின்றனர்.

பதிவுகளும் உள. ஆங்கிலேயர் காலத்து உத்தியோகத்தர் ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டிலே திரட்டிய பாடற் கையெழுத்துப் பிரதி இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப்பதிவு செய்தனர். நல்ல பணிதான். ஆயினும் இலண்டனிலும் லிஸ்பனிலும் உள்ள ஏடு இங்குள்ள பிள்ளையின் நாவுக்கு எட்டுமா?

கலைவிழாவுக்குக் கபிரிஞ்ஞாவை அழைக்கின்றோம். ஆட்டம் முடிந்ததும் கைதட்டி அனுப்புகின்றோம். பாடிய சிறுமிக்கு அப்பாட்டின் பொருள் தெரியுமா என்று கேட்பாரில்லை. பொருளறியாது பாடும் தலைமுறையில் ஓசை மட்டுமே மிஞ்சும். ஆட்டம் பழக்குவது எளிது. சொல்லைப் பழக்குவதே அரிது, அதனையே ஒன்றியத்தார் முதலிற் கைக்கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு.

நாம் உதவுதற்கும் இடமுண்டு. அப்பிள்ளைகள் வாசிக்கும் எழுத்து தமிழெழுத்து. அவ்வெழுத்திலேயே பாடல்களை அச்சிட்டு, எதிர்ப்பக்கத்திற் பொருள் தரலாம். அவர் ஒலிகள் சில நம் நெடுங்கணக்கில் அடங்கா. அவற்றுக்கு அடையாளக் குறி இடலாம். மாணவர் குறிப்பேட்டுடன் முதியோரிடம் சென்று சொல்லுக்குச் சொல் கேட்டெழுதுவதே முதல் வேலை. அம்முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.