8 ஜிபி லேப்டாப்பில் 8 ஜிபியும் கிடைப்பதில்லை... ஏன்?

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. எல்காட் டெண்டரில் கேட்கப்பட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. கடையில் வாங்கும் பட்ஜெட் லேப்டாப்களும் பெரும்பாலும் இதே ரகம்தான்.

"8 ஜிபின்னு சொன்னாங்க, செட்டிங்ஸ்ல 7 சொச்சம்தான் காட்டுது?" என்ற சந்தேகம் பலருக்கும் வரும். ரேமில் யாரும் கை வைக்கவில்லை. மிச்சம் கிராபிக்ஸுக்குப் போகிறது.

என்ன நடக்கிறது?

தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. விலை குறைந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும். அது ரேமைத்தான் பங்கு போட வேண்டும். கொஞ்சம் முன்கூட்டியே ஒதுக்கப்படும். மீதி தேவைப்படும்போது எடுக்கப்படும். டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' 4 ஜிபி அளவுக்குக் காட்டினால் பதற வேண்டாம். அது உச்சவரம்பு மட்டுமே.

எங்கே இடிக்கும்?

டைப் அடிக்க, வீடியோ பாடம் பார்க்க 8 ஜிபி போதும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் மெக்கானிக்கல் படிப்பவர் சாலிட்வொர்க்ஸில் பெரிய முப்பரிமாண வரைபடத்தைத் திறந்தால்தான் சிக்கல். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் எஸ்எஸ்டியை நாடும். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. திரை உறைந்து நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிசைன் வேலை தேடப்போகிறவருக்கு இந்தப் பயிற்சிதான் மூலதனம்.

அளவைப்போல வேகமும் முக்கியம். டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவல் போகும். இரண்டு ஸ்டிக் என்றால் 51.2 ஜிபி. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே பாதையில் போவது, பீக் அவரில் சிடிஎச் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொள்கிற கதைதான்.

என்ன செய்யலாம்?

டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பகுதியில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' பாருங்கள். இரண்டில் ஒன்று காலி என்றால், அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடலாம். வாரண்டி நிபந்தனையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டு, காலி ஸ்லாட்டும் இல்லாவிட்டால் வழியில்லை. வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

தமிழ் இலக்கியம் படிப்பவருக்கும் மெக்கானிக்கல் படிப்பவருக்கும் ஒரே 8 ஜிபி பொருந்தாது. அடுத்த கொள்முதலில் பொறியியல் மாணவர்களுக்காவது 16 ஜிபி, இரண்டு ஸ்டிக்காக, கேட்பதே நியாயம்.